கண்ணாடித் தோலுக்குள்ளே

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேனில் ஊசலாடி வந்த கன்டெய்னர் ஒன்று தொழிலாளி ரெம்ஜியுஸை நின்றிருந்த லாரியோடு சேர்த்து நசுக்கியது. விலா எலும்புகளும் இடுப்பெலும்பும் முறிந்தன. வயிற்றின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே மண்ணீரல் சிதறி, கல்லீரல் பிளந்திருந்தது.

மருத்துவர்கள் வயிற்றைத் திறந்து மண்ணீரலை அகற்றி ரத்தப்போக்கை நிறுத்தினார்கள். வீக்கம் வடியும்வரை வயிற்றைத் தைக்காமல், அதன்மேல் கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் தோல் ஒன்றை ஒட்டினார்கள்.

“பயமா இருந்தா பாக்காதீங்கக்கா,” என்றார் நர்ஸ் வடிவாம்பாள்.

மனைவி பிலோமி பார்த்தாள். கல்லீரலின் பிளவில் நாளுக்கு நாள் புதுச் சதை வளர்ந்தது. குடல் மட்டும் வெளிறிப்போய் அசையாமல் கிடந்தது.

“அது அசையணும்மா. இல்லன்னா கஷ்டம்,” என்றார் மருத்துவர்.

ஆறாம் நாள் காலை குடலின் ஓரத்தில் சிறு சுருக்கம் ஒன்று எழுந்தது. அது மெல்ல ஊர்ந்து வளைவில் திரும்பி மறைந்தது. பின்னாலேயே இன்னொன்று வந்தது.

“சிஸ்டர், நெளியுது! ஓடி வாங்க!”

ஓடி வந்த வடிவாம்பாளும் குனிந்து பார்த்தார்.

பன்னிரண்டாம் நாள் வயிற்றைத் தைத்து மூடினார்கள். கண் விழித்த ரெம்ஜியுஸ், மனைவி தினமும் பார்த்துக்கொண்டிருந்ததை நர்ஸ் சொல்லக் கேட்டு, ஈனக்குரலில் கேட்டார்: “உள்ள அப்படி என்னத்தப் பாத்த?”

பிலோமி சொன்னாள்: “நீங்க ஒண்ணும் தெரியாமக் கெடந்தீங்க. உடம்பு அது பாட்டுக்கு உங்களப் பொழைக்க வச்சிட்டு இருந்துச்சு.”

ரெம்ஜியுஸ் கையை மெதுவாக நகர்த்தித் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார்.