பத்தாவது பெயர்

"பட்டியல்ல ஒரு பேர் விட்டுப்போச்சு, டீச்சர்."

"என் வகுப்புல வாசிக்கத் திணறுறது ஒன்பது பேர்தான் சார். எல்லாரையும் எழுதிட்டேனே," என்றாள் மூன்றாம் வகுப்பு ஆசிரியை.

"இன்னொரு பொண்ணு மனப்பாடமா ஒப்பிக்குது. வேற பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அப்பவும் பழைய பாடமே வந்துச்சு," என்றார் வாசிப்புப் பயிற்சி ஆசிரியர்.

"மூணாவது வந்தும் இப்படியா? பெத்தவ வீட்ல என்ன கிழிக்கிறா? வரச் சொல்லுங்க, நாலு வார்த்தை கேக்கிறேன்."

"வந்திருக்காங்க."

அவள் வாசலைப் பார்த்தாள். யாருமில்லை.

"'அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க சார்'னு அழுதா, உங்க மக."

ஆசிரியை பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தலை நிமிராமலே கேட்டாள்.

"சார், அவ பேரை மட்டும் பென்சில்ல எழுதிக்கலாமா?"