காட்டிக்கொடுத்த கடுதாசி

படையிலிருந்து ஓடிவந்து வீட்டுப் பரணில் ஒளிந்திருந்த தன் அப்பாவைக் காட்டிக்கொடுத்தது சித்தப்பாதான் என்று பெரியவர் எழுபது வருடமாகச் சாதித்துவந்தார். ராணுவம் அப்பாவைச் சுட்டுக் கொன்ற நாளிலிருந்து சித்தப்பாவின் முகத்தில் விழிக்கவில்லை. சாகக் கிடந்த சித்தப்பா ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோதும் போகவில்லை.

பழைய ராணுவக் கோப்புகளை யாரும் பார்க்கலாம் என்று அறிவித்த முதல் வாரமே ஆவணக் காப்பகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

குமாஸ்தா அப்பாவின் கோப்புக் கட்டை அவிழ்த்தார். “காட்டிக்கொடுத்த கடுதாசி உள்ளேயே இருக்கு, சார்.”

“படிங்க தம்பி, எனக்குப் பார்வை இல்ல. சித்தப்பன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குமே?”

“இல்லையே, குண்டு குண்டா அழகா இருக்கு.”

“நடிப்பு! அந்தப் பாவி என்ன எழுதினான்னு என் காதால கேக்கணும்.”

குமாஸ்தா படித்தார்.

“‘கேப்டன் மாமாவுக்கு, எங்கள் அப்பா பரணில் இருக்கிறார். காய்ச்சல் விட்டுவிட்டது. திரும்பி வர வெட்கப்படுகிறார். திட்டாமல் கூட்டிப் போங்கள். அவருக்கு மெடல் கொடுங்கள். இப்படிக்கு மகன், இரண்டாம் வகுப்பு.’”

பெரியவர் கடுதாசியை வாங்கி எழுத்துகளை விரலால் தடவினார்.

“பேரு போடலையே, சார். உங்க அண்ணனா, தம்பியா?”

“எங்க வீட்டுல நான் ஒத்தப் பிள்ளை,” என்றார் பெரியவர்.