மூன்றாவது பச்சைக் கல்

ஒரு கைப்பேசி விளையாட்டுக்குள் மான் கார்டு ஒன்று புதிதாக வந்து சேர்ந்தது. வந்ததும் வராததுமாக எதிரே இருந்த ஓநாய் கார்டு பாய்ந்து கடித்ததில், மானுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"நான் எப்படித் திருப்பி அடிக்கிறது?" என்று மான் அழாக்குறையாகக் கேட்டது.

மேலே கட்டங்களில் நிறைந்திருந்த வண்ணக் கற்களில் ஒரு பச்சைக் கல் சொன்னது: "நாங்க பச்சைக்காரங்க மூணு பேர் வரிசையா சேர்ந்தா உனக்கு பலம் வரும். இதோ பாரு."

அது நகர்ந்துபோய் இன்னும் இரண்டு பச்சைக் கற்களோடு ஒட்டி நின்றது. மானுக்குக் கொம்புவரை பலம் ஏறியது. ஒரே முட்டில் ஓநாய் தள்ளாடியது.

நன்றி சொல்ல மான் நிமிர்ந்தது. மூன்று கற்களையும் காணோம். காலி இடத்தில் புதுக் கற்கள் விழுந்துகொண்டிருந்தன.

ஓநாய் மறுபடி கடித்தது. மானுக்கு மிஞ்சியது ஒரு சொட்டு உயிர்தான்.

மேலே இரண்டு பச்சைக் கற்கள் சேர்ந்து நின்றன. இப்போதுதான் விழுந்த இன்னொன்று தயங்கியது. "மானண்ணா, நானும் அவங்களோட சேர்ந்தா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது," என்றது மான், அதன் முகத்தைப் பார்க்காமல். "சீக்கிரம் போ."

அந்த ஆட்டத்தில் மான்தான் ஜெயித்தது. அடுத்த ஆட்டத்தில், யாரும் கேட்கும்வரை அது காத்திருக்கவில்லை. மூன்றாவது பச்சைக் கல்லைத் தானே கூப்பிட்டது.