தினமும் மாலை ஆறு மணிக்கு

தொண்டாமுத்தூர் தோட்டத்து மோட்டார் தினமும் மாலை ஆறு மணிக்கு ஓடும்படி, வீட்டுக் கம்ப்யூட்டரில் சபரீஷ் ஒரு வரி கட்டளை எழுதி வைத்திருந்தான். அந்த வரிக்கு மழை தெரியாது. போன ஆனியில், கொட்டும் மழையில் மோட்டாரை நிறுத்தப் போனவன் கரண்ட் அடித்து இறந்துபோனான்.

அதற்குப் பிறகும் மோட்டார் ஓடுகிறது, மழை நாட்களைத் தவிர.

கூட வேலை பார்த்த அஃபான் வந்து பார்த்தான். வரியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஒயரிலும் பழுதில்லை.

"மழை பெஞ்சாலும் இது ஓடித்தான் ஆகணுங்கம்மா. அந்த வரிய அழிச்சுப்போடட்டுங்களா?"

வெளியே தூறல் பிடித்தது. மணி ஆறானது. மோட்டார் ஓடவில்லை.

"வேண்டாங் கண்ணு," என்றாள் சபரீஷின் அம்மா. "மழையில அதுகிட்டப் போகாதடான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இப்பத்தான் கேக்கறான்."