கலந்த ஒயின் சொன்னது

பிரான்சின் தெற்கே ஒரு நிலவறையில், பக்கத்துப் பக்கத்துப் பீப்பாய்களில் இரண்டு சிவப்பு ஒயின்கள் இருந்தன. சமவெளியில் விளைந்தது இனித்தது. கல் நிறைந்த மலைச்சரிவில் விளைந்தது மிளகாய்க் காரமாக இல்லாவிட்டாலும் மிளகுபோல் உறைத்தது.

ஒயின் செய்யும் ஒதீல் இரண்டையும் ருசித்தாள். "தனித்தனியாக விலைபோகாது. கலக்க வேண்டும், இல்லையென்றால் வினிகர்தான்," என்றாள்.

"இந்த முரடனோடு சேர்ந்தால் என் வெயில் என்னாவது?" என்று கலங்கியது சமவெளி ஒயின்.

"என் மலைக்காற்று மட்டும் மிஞ்சுமா?" என்றது மற்றது.

ஒதீல் கலந்தாள். மலிவு விலைக் குப்பியாக அது வடக்கே போனது. அங்கே பிழைக்க வந்திருந்த தெற்கத்திக் கொத்தனார் ஒருவர் மதியச் சாப்பாட்டோடு ஒரு வாய் குடித்தார்.

"எங்கள் ஊர்," என்றார்.

"என்னைத்தான் சொல்கிறார்," என்றது ஒயின். சொன்னது சமவெளியா மலையா என்று அதற்கே தெரியவில்லை.