நாலாம் மாடி ஓட்டு

"அந்த நாலாம் மாடிக்காரிக்கு என்னதான் வேணுமாம்? கட்டிக்கத் தமேன் துணியா, திங்க பிரியாணியா? வாய் திறந்து கேட்டுத் தொலைச்சா, குடுத்துட்டுப் போயிடலாம்ல!"

பசுந்தாங் தெருவில் அந்த நாலு மாடிக் கட்டிடத்தின் கீழே நின்றுகொண்டு சுல்தான் பீவி மாமி பொரிந்தார்.

"மெதுவா மாமி, மேல கேக்கும்" என்றாள் நிலோஃபர்.

"கேக்கட்டும்!"

தமிழ் முஸ்லிம் மாதர் சங்கத்துக்குத் தலைவி தேர்தல் வருகிறது. அதற்கு முன்னால் ஒவ்வொரு தெருவும் தன் சார்பில் ஒருத்தரை நிறுத்த வேண்டும். இந்தத் தெருவில் ரெண்டு பேர் போட்டி. ஒருவர் பழைய தலைவி. பெரியவர் என்பதால் தெருவே பர்மிய வழக்கப்படி மரியாதையாக 'டோ ஜைனப்' என்று கூப்பிடும். இன்னொருத்தி புதுசாகக் கிளம்பியிருக்கும் நிலோஃபர்.

"நிலோஃபர் நல்லாப் பேசுறா. தையல் வகுப்பு நடத்துறேங்கிறா" என்றார்கள் சிலர்.

"பேச்சு சரி. ராத்திரி பிரசவ வலின்னா டோ ஜைனப் வீட்டுல கார் இருக்கு. இவ கிட்ட என்ன இருக்கு, தையல் மெஷின்லயா ஆஸ்பத்திரி போறது?" என்றார்கள் மற்றவர்கள்.

இப்படித் தெரு ஏறக்குறைய பாதிக்குப் பாதியாகப் பிரிந்தபிறகு, பிடி கொடுக்காமல் நின்றது நாலாம் மாடி கரீமா மட்டும்தான்.

மோல்மீனிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் ஜாபர் கப்பலில். பெருநாளுக்குத்தான் வருவான். கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறாள்.

மாடியிலிருந்து தெருவரை தொங்கிய கயிற்றைப் பிடிக்க நிலோஃபர் கை நீட்டினாள். அதை இழுத்தால் மேலே மணி அடிக்கும். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, வாசல் சாவியை அதே கயிற்றில் கட்டி இறக்குவார்.

இழுக்கவே இல்லை. அதற்குள் சாவி இறங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா! மணி அடிக்குமுன்னே சாவி வருது. நம்ம கையில என்ன இருக்குன்னு வராந்தாவுலயே நின்னு நோட்டம் பாக்குறா, கள்ளி!"

நிலோஃபர் அண்ணாந்து பார்த்தாள். சாவியை அவிழ்த்துக்கொண்டாள்.

மேலே கரீமா மூன்று கோப்பையில் டீ தயாராக வைத்திருந்தாள்.

"உக்காருங்க லாத்தா. அந்தத் தையல் வகுப்பு எங்க நடக்கும்னு சொன்னீங்க?"

"நேத்தும் சொன்னா, முந்தாநாளும் சொன்னா!" என்றார் மாமி.

"எங்க வீட்டு ஹால்லதான் கரீமா" என்று நிலோஃபர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

கரீமா தலையாட்டிக் கேட்டாள். நடுவில் குழந்தைக்குப் பல் முளைத்ததைக் காட்டினாள். மோல்மீன் மழை மாதிரி இங்கே மழை இல்லை என்றாள். டீ ஆறிவிட்டதென்று திரும்பச் சுடவைத்தாள்.

மாமி பொறுமை இழந்தார். "சரி புள்ளே, ஓட்டு யாருக்கு?"

"யோசிச்சுச் சொல்றேன் மாமி."

"டோ ஜைனப் ஆளுங்க வந்தாங்களே, அவங்ககிட்ட என்ன சொன்னே?"

"அவங்ககிட்டயும் இதேதான்." கரீமா சிரித்தாள். "நாளைக்கும் வருவீங்கல்ல?"

இறங்கும்போது கரண்ட் போய்விட்டது. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே மாமி சொன்னார்: "ரெண்டு பக்கமும் விலை ஏத்துறாடி. ஏலம் போடுறா, ஏலம்!"

வெள்ளிக்கிழமை மதரசாக் கூடத்தில் தெருப் பெண்கள் கூடினார்கள். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. திரைக்குப் பின்னால் ரெண்டு பால் டின். சிவப்பு நாடா கட்டியது டோ ஜைனப்புக்கு, பச்சை நிலோஃபருக்கு.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரீமா திரைக்குள் போனாள். வெளியே வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

டோ ஜைனப் ஒரே ஒரு கொட்டையில் ஜெயித்தார்.

"கவுத்துட்டா பாவி! அவ டீயைக் குடிச்ச என் வாயைச் சொல்லணும்!" என்று மாமி தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் டோ ஜைனப் வீட்டுக்கு வாழ்த்துச் சொல்ல ஒரு கும்பல் தெருவில் போனது. வராந்தாவில் நின்ற கரீமாவை யாரும் தலைதூக்கிப் பார்க்கவில்லை.

அவள் உள்ளே வந்து கோப்பைகளைக் கழுவினாள். ஒன்றை வெளியே வைத்துவிட்டு, மற்ற இரண்டையும் அலமாரியில் கவிழ்த்தாள். குழந்தையும் தூங்கிவிட்டது. வீட்டில் சத்தமே இல்லை.

மணி அடித்தது.

காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். மறுபடி அடித்தது. எட்டிப் பார்த்தால் நிலோஃபர் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

திட்டத்தான் வந்திருக்கிறாள். இருந்தாலும் கரீமா சாவியை இறக்கினாள்.

"தேர்தல்தான் முடிஞ்சிடுச்சே லாத்தா?"

"முடிஞ்சுது. அதுக்காக டீ கிடையாதா?"

கரீமா நகரவில்லை. முக்காட்டு முனையில் இருந்த முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு புளியங்கொட்டை.

"நான் யாருக்கும் போடல லாத்தா. உங்களுக்குத்தான்னு முதல் நாளே நினைச்சிட்டேன். சொல்லிட்டா மறுநாள் நீங்க எதுக்கு வரப்போறீங்க? ஜைனப் ஆளுங்களும் வரமாட்டாங்க. திரைக்குள்ள போயும் போட மனசு வரல. போட்டா எல்லாம் முடிஞ்சிடும்னு..." அவள் கொட்டையை நீட்டினாள். "இது விழுந்திருந்தா சமமாவது ஆகியிருக்கும்."

நிலோஃபர் அந்தக் கொட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணி அடிக்குமுன்னே சாவி இறங்கின அன்னிக்கே நான் புரிஞ்சுக்கிட்டேன்" என்றாள்.

பிறகு அந்தக் கொட்டையை முக்காட்டு முனையிலேயே வைத்து, அவளே முடிச்சுப் போட்டாள்.

"அவசரமே இல்ல கரீமா. நல்லா யோசி. நாளைக்கு வந்து கேக்குறேன்."