அகராதிக்குப் பூட்டு

"இன்னிக்கு ஒரு நாள் வாயைக் கட்டிக்கிட்டு இருப்பீங்களா, மாட்டீங்களா?"

மேசை விரிப்பை உதறிப் போட்டபடியே மனைவி கேட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அப்பாவியாக நிமிர்ந்தார்.

"நான் என்ன ஊர்வம்பா பேசறேன்? இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்றேன். நல்ல விஷயம்தானே?"

"நல்ல விஷயமா? என் தம்பி கடன் போட்டு வீடு வாங்கின அன்னிக்கு என்ன சொன்னீங்க?"

அவர் அடுத்த பொத்தானைத் தேடினார். மார்ட்கேஜ் என்றால் பழைய பிரெஞ்சு மொழியில் 'செத்த அடமானம்' என்று அத்தனை பேர் நடுவில் விளக்கியிருந்தார். அது உண்மைதான். அன்றிலிருந்து மைத்துனன் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்பதும் உண்மைதான்.

தெருவில் அவருக்குப் பெயரே 'அகராதி'. கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் பலகையிலுள்ள கடைசி வரியைப் படித்து முடிப்பதற்குள் ரெண்டு வார்த்தைகளின் பூர்வீகத்தையாவது கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும்.

"இது நம்ம பொண்ணு ஆசைப்பட்ட இடம். பையனோட அப்பா லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேசாத மனுஷனாம். நீங்க ஆரம்பிச்சீங்கன்னா மிரண்டு ஓடிடுவார். அவ வாழ்க்கை உங்க நாக்குலதான் இருக்கு, பார்த்துக்குங்க."

மகள் என்றால் அவருக்கு உயிர். "வாயே திறக்கலை, போதுமா?" என்று சத்தியமே செய்துவிட்டார்.

சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். பையன், அவன் அம்மா, அப்பா. மெக்கானிக் நல்ல கட்டுமஸ்தான ஆள். ஆனால் சோபாவின் நுனியில், எந்த நிமிஷமும் எழுந்துவிடுவார் போலத்தான் உட்கார்ந்திருந்தார். மகள் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

மெக்கானிக் தொண்டையைக் கனைத்துக்கொண்டு புஜத்தைத் தடவினார். "நேத்துலேர்ந்து கையில மஸில் பிடிச்சுக்கிச்சுங்க."

அகராதிக்கு நாக்கு நமநமத்தது. மஸில்! லத்தீனில் 'குட்டி எலி' அல்லவா அது! கையை மடக்கினால் தோலுக்கடியில் சுண்டெலி ஓடுகிற மாதிரி இருக்கிறதென்று எவனோ வைத்த பெயர். சொல்ல வாயெடுத்தார். மேசைக்கடியில் மனைவியின் கால் அவர் காலை ஒரே மிதியாக மிதித்தது.

"வெந்நீர் ஒத்தடம் கொடுங்க" என்றார்.

"சரிங்க." மெக்கானிக் கொஞ்சம் யோசித்தார். "ராத்திரி தூக்கமும் சரியில்லை. ஒரே நைட்மேர்."

நைட்மேர் என்கிற கெட்ட கனவில் வருகிற 'மேர்', எல்லாரும் நினைக்கிற மாதிரி பெண்குதிரையே இல்லை. தூங்குகிறவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அமுக்குகிற பேய்! அகராதி ஒரு முழு பிஸ்கட்டை வாயில் திணித்துக்கொண்டார். பேயும் பிஸ்கட்டும் சேர்ந்தே உள்ளே போயின.

"எங்க பழைய கார் கூட ஒரு ஒயிட் எலிஃபன்ட்தாங்க" என்றார் மெக்கானிக், விடாமல்.

அடக் கடவுளே! பிடிக்காத ஆளுக்கு ராஜா வெள்ளை யானையைப் பரிசாகக் கொடுத்து, தீனி போட்டே ஓட்டாண்டியாக ஆக்கின கதையைச் சொல்லாமல் ஒரு மனிதன் எப்படி உட்கார்ந்திருப்பது? அவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஆவி பறக்கிற டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

பையன் திருதிருவென்று விழித்தான். மகள் கண்ணாலேயே அப்பாவிடம் கெஞ்சினாள். 'கவலைப்படாதேம்மா, உயிரே போனாலும் பேச மாட்டேன்' என்று அவரும் கண்ணாலேயே தைரியம் சொன்னார்.

மெக்கானிக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கல்யாணம்னா என்னங்க? வாழ்க்கைக்கு ஒரு கம்பேனியன். இல்லீங்களா... கம்பேனியன்?"

அகராதிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவருக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை அது. கம்பேனியன் என்றால் லத்தீனில் ஒன்றாக உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுகிறவர். கல்யாணமான புதிதில் மனைவிக்கு அவர் முதன்முதலாகச் சொன்ன கதையே அதுதான்.

"ஆமாங்க" என்றார். அவ்வளவுதான். மனைவி பெருமையாக அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்ததே இல்லை.

மெக்கானிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். "அப்ப நாங்க கிளம்பறோம்."

"என்னங்க, அதுக்குள்ள?" என்று பதறினாள் மனைவி.

"இல்லம்மா. சாருக்கு எங்களைப் பிடிக்கலை. அது நல்லாவே தெரியுது."

அகராதி துள்ளி எழுந்தார். "ஐயோ, யார் சொன்னா? நான் ஒரு வார்த்தை தப்பாப் பேசலையே!"

"தப்பா இல்லீங்க, நீங்க பேசவே இல்லையே!" என்றார் மெக்கானிக். "மனசுக்குப் பிடிச்சவங்க வந்துட்டா, மாமா வார்த்தைக்கு வார்த்தை கதை சொல்லாம விடமாட்டார்னு பையன் சொன்னான். இங்கிலீஷே சரியா வராத நான், உங்களைப் பேச வைக்கணும்னே, கதை இருக்கிற வார்த்தையாப் பொறுக்கி, ஒரு வாரமா லிஃப்ட் கூண்டு மேல உக்காந்து மனப்பாடம் பண்ணிட்டு வந்தேங்க!"